பாறைச் சரிவில் குட்டைக் காட்டு ஆளியை அடையாளம் பார்ப்பது

ஆளி விதை தரும் செடி என்றாலே நீலப் பூ என்று நினைத்துக்கொண்டு மலையேறினால் முதலில் ஏமாற்றுவது விஷ்ணுகிராந்திதான். மதுரை யானைமலையில் பாறை இடுக்கில் தரையோடு ஒட்டிக் கிடந்த குட்டி நீலப் பூவைக் காட்டு ஆளி என்று நம்பி இருபது படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்பியவன் நான். விஷ்ணுகிராந்தியின் இலையில் பட்டு மாதிரி ரோமம் இருக்கும், பூவும் தனித்தனி இதழாக இல்லாமல் ஒரே தட்டாகக் கழன்று வரும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டு ஆளியான லினம் மைசூரென்ஸ் பூப்பது மஞ்சள் நிறத்தில்.

மலைக்குப் போகும் முன் வீட்டிலேயே கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். மதுரை கீழமாசி வீதியில் ஒரு கைப்பிடி ஆளி விதை வாங்கி, வறுக்காததாகப் பார்த்து, கார்த்திகையில் தொட்டியில் தூவினால் தை மாதம் பூத்துவிடும். காலையில் விரிந்த இதழ் மதியத்துக்குள் உதிர்ந்துவிடும், அதனால் காபி குடித்த கையோடு பாருங்கள். புல்லி 5, இதழ் 5, மகரந்தத்தாள் 5, நடுவில் சூல்தண்டு 5. இதழ் கொட்டியதும் கிட்டத்தட்ட பட்டாணி அளவில் ஒரு காய் உருண்டையாகத் திரளும், அதைப் பிளேடால் குறுக்கே வெட்டினால் ஐந்து அறை, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு தடுப்பு, ஆக பத்துக் குழி, குழிக்கு ஒரு விதை. இந்தக் காயை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், மறக்காது.

சரி, இப்போது மலை. கொடைக்கானல் பக்கம் பாறையை ஒட்டிய புல் சரிவில் நின்றுகொண்டு தேடினால் கண்ணில் படாது, குத்தவைத்து உட்கார வேண்டும். மெல்லிய தண்டு, மேலே போகப் போக இரண்டிரண்டாகக் கிளைக்கும். இலை ஒடுக்கமாக, காம்பில்லாமல், விளிம்பில் பல் இல்லாமல், ரோமமும் இல்லாமல் மொழுமொழுவென்று இருக்கும். பூவின் அளவு, தொட்டியில் வளர்த்த ஆளியின் பூவில் பாதிகூட வராது.

மஞ்சள் பூவிலும் குழப்பம் உண்டு. புளியாரைக்கு மூன்று இதய வடிவத் துண்டாக இலை, அது சுலபம். ஈரமான இடத்தில் குட்டையாக வளரும் ஹைபெரிகம் ஜபோனிகம்தான் சரியான எத்தன்: ஐந்து மஞ்சள் இதழ், அதே உயரம். இலையைப் பாருங்கள், எதிரெதிர் ஜோடியாக இருக்கும், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஊசியால் குத்தியது போலப் புள்ளி தெரியும், மகரந்தத்தாளும் பெரும்பாலும் ஐந்தோடு நிற்காது.

அப்புறம், காப்புக்காட்டில் செடியைப் பிடுங்காதீர்கள், சட்டப்படி குற்றம். பூவை மேலிருந்து மட்டும் படம் எடுத்துக்கொண்டு வராமல் பக்கவாட்டில் ஒன்று, புல்லி தெரிய அடியிலிருந்து ஒன்று, இலை தண்டில் சேரும் இடம் ஒன்று, பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்துக் காய் ஒன்று எடுங்கள். இதழ் கொட்டிவிட்டதே என்று திரும்பிவிட வேண்டாம், காய் இருந்தால் அதுவே நல்ல சாட்சி.