இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூட் ஆகும்போது லினக்ஸ் முதலில் நினைவகத்தில் விரிக்கும் சிறு கோப்புத் தொகுப்புதான் இனிட்ராம்எஃப்எஸ். அந்தக் கோப்பை, ஆர்கைவ்களை (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்புகளை) பிரிக்கும் சிபிஐஓ கட்டளையிடம் கொடுக்கிறீர்கள். பிழைச் செய்தி எதுவும் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் ‘கெர்னல்’ என்றொரு ஃபோல்டர், அதற்குள் எக்ஸ்86, அதற்குள் மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள் நிரல்), கடைசியில் ப்ராசஸருக்கான ஒரு பைனரி (.bin) கோப்பு. அவ்வளவுதான். பூட் வேலையைத் தொடங்கிவைக்கும் இனிட் ஸ்கிரிப்ட்டும் கிடையாது, டிரைவர்களும் கிடையாது. இமேஜ் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிப் புதிதாக உருவாக்கக் கிளம்பாதீர்கள். புதியதும் இப்படியேதான் இருக்கும்.

அந்தக் கோப்பு ஒரே ஆர்கைவ் அல்ல. மைக்ரோகோடை லினக்ஸின் மையமான கெர்னல் மிக ஆரம்பத்திலேயே, சுருக்கியதை விரிக்கும் வேலை தொடங்கும் முன்பே படித்தாக வேண்டும். அதனால் அது சுருக்கப்படாத தனி சிபிஐஓவாக முன்னால் இருக்கும். ஜிஜிப்பிலோ இசட்எஸ்டிடியிலோ சுருக்கிய அசல் சரக்கு அதன் பின்னால் ஒட்டியிருக்கும். சிபிஐஓ கட்டளை, ‘ட்ரெய்லர்’ என்ற இறுதிப் பதிவைக் கண்டதும் கடையைக் கட்டிவிடும். கெர்னலோ இடையில் நிரப்பியிருக்கும் பூஜ்ஜிய பைட்டுகளைத் தாண்டி அடுத்த ஆர்கைவைத் தொடர்ந்து படிக்கும். கோப்பின் வகையைச் சொல்லும் ஃபைல் கட்டளையை நம்பியும் பயனில்லை. அது தலையை மட்டும் பார்த்து ‘சிபிஐஓ ஆர்கைவ்’ என்று சொல்லிவிடும்.

இன்னொருவர் கணினியில் கிடைத்த ஆஃப்செட் எண்ணை (அசல் பகுதி எந்த பைட்டில் தொடங்குகிறது என்பதை) அப்படியே, கோப்பின் ஒரு பகுதியை வெட்டியெடுக்கும் டிடி கட்டளையில் போடுவதும் வம்புதான். மைக்ரோகோட் பேக்கேஜ் அப்டேட் ஆனால் அந்த எண் மாறிவிடலாம். ஜிஜிப்பின் முதல் இரண்டு பைட்டுகளான 31, 139 எங்கே வருகின்றன என்று தேடுவது புத்திசாலித்தனமாகத் தெரியும். ஆனால் இன்டெல் மைக்ரோகோட் என்க்ரிப்ட் செய்யப்பட்டது. அப்படிப்பட்ட தரவில் எந்த இரண்டு பைட் ஜோடியும் சராசரியாக 65,536 பைட்டுக்கு ஒருமுறை தற்செயலாகவே வந்து நிற்கும்.

டெபியன், உபுண்டு வகையறாவில் அன்எம்கேஇனிட்ராம்எஃப்எஸ் என்ற கட்டளை இருக்கும்போது இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? ஏர்லி, மெயின் என்று தனித்தனி ஃபோல்டரிலேயே பிரித்துத் தரும். ஃபெடோராவில், இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கும் கருவியான ட்ராகட்டோடு வரும் ஸ்கிப்சிபிஐஓ முன்பகுதியைத் தாண்டிவிடும்.

திரும்பக் கட்டும்போது சிபிஐஓவுக்கு ‘நியூசி’ வடிவம் என்று சொல்ல மறக்காதீர்கள். 070701 என்று தொடங்கும் வடிவம் அது. சொல்லாவிட்டால் கெர்னலுக்குப் புரியாத பழைய பைனரி வடிவத்தில் எழுதிவிடும். சுருக்குவது எக்ஸ்இசட் முறையில் என்றால் சிஆர்சி32 சரிபார்ப்பு, எல்இசட்4 முறையில் என்றால் பழைய லெகசி வடிவம் என்று குறிப்பிட வேண்டும். வரிசையும் முக்கியம். மைக்ரோகோடை முன்னால் வைக்காவிட்டால் கணினி வழக்கம்போல பூட் ஆகும், ஆனால் அந்த மைக்ரோகோட் ஏறியிருக்காது. பூட் ஆனதும், கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி (dmesg) கட்டளையில் மைக்ரோகோட் வரிகளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.