மவுஸ் நகர்ந்தால் கீச்சிடும் சிந்தசைசர்

மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் டிபி-303 (பேஸ் சிந்தசைசர்), டிஆர்-808 (தாள இயந்திரம்) கருவிகளில் பதிவுசெய்த ராகங்களைக் கேட்டதிலிருந்து, பைரவியை எலக்ட்ரானிக் தாளத்தில் வாசித்துப் பார்ப்பதுதான் என் பொழுதுபோக்கு. ஆனால் சிந்தசைசரை (மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் கருவி) கணினியில் பதிவுசெய்தால் பின்னணியில் மெல்லிய கீச்சொலி. ஆடியோ கேபிளை மாற்றினேன், டிரைவரை மறுபடி நிறுவினேன், பலனில்லை. மின் இரைச்சலைக் குறைக்கக் கேபிளில் மாட்டும் ஃபெரைட் வளையமும் தண்டச் செலவு.

மவுஸை நகர்த்தினால் கீச்சொலியின் சுருதி மாறியது! அதுதான் துப்பு. சிந்தசைசரின் யுஎஸ்பி கேபிளைப் பிடுங்கியதும் ஓசை அடங்கியது. யுஎஸ்பியும் ஆடியோ கேபிளும் கணினியையும் சிந்தசைசரையும் இரு வழிகளில் எர்த்தால் இணைத்து, எர்த் வளையமாகி, கணினியின் மின் இரைச்சலைப் பதிவுக்குள் கொண்டுவந்திருக்கின்றன.

இப்போது ஆடியோ இன்டர்ஃபேஸிலிருந்து (கணினிக்கு ஒலியை உள்ளே வெளியே கொண்டுசெல்லும் பெட்டி) ஐந்து முள் மிடி கேபிளில், அதாவது ஒலியை அல்லாமல் இசைக் கட்டளைகளைச் சுமக்கும் கேபிளில், சுரங்களை அனுப்புகிறேன். சிந்தசைசரின் மிடி உள்வாங்கும் முனையில் ஆப்டோகப்ளர் என்ற பாகம் உண்டு. தகவல் ஒளியாகத் தாண்டுகிறது, மின் தொடர்பு கிடையாது. கீச்சொலி போயே போய்விட்டது, அப்பாடா! சிந்தசைசருக்குத் தனி அடாப்டர் அவசியம். கணினியின் யுஎஸ்பியில் மின்சாரம் எடுத்தால் பழைய குருடி கதவைத் திறடிதான்.