சொல்யூஷன் இல்லாமல் பைப் கசிவை நிறுத்துவது: புஷ் ஃபிட் கனெக்டர் வாங்கும் முன்பும் மாட்டும்போதும்

கடலூரில் ஞாயிற்றுக்கிழமை பிளம்பர் கிடைப்பது குதிரைக்கொம்பு. "வேலையில இருக்கேன் சார், நாளைக்குக் காலைல வந்துடுறேன்" என்பார், அந்த நாளை எப்போது என்று அவருக்கே தெரியாது. அதுவரை சிங்க்குக்கு அடியில் வாளி வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து போய் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் அடித்தபோது எங்கள் மொட்டைமாடி டேங்க் நகர்ந்து, அதன் நிப்பிளோடு சேர்த்து பைப் முறிந்துபோனது. ஊரே அப்படிக் கிடந்ததால் பிளம்பரைக் கேட்கவே வாய் வரவில்லை. சின்னச் சின்ன பைப் வேலையை நானே செய்யப் பழகியது அப்போதுதான்.

வெந்நீருக்கும் தாங்கும் சந்தன நிற பிளாஸ்டிக் பைப்பான சி.பி.வி.சி.யில் வழக்கமான வழி, வெட்டி, சொல்யூஷன் என்கிற பைப் பசையைத் தடவி, இரண்டு முனையையும் இணைக்கும் கப்ளிங்கைப் போடுவது. மலிவு, நன்றாகச் செய்தால் ஆயுசுக்கும் நிற்கும், அதில் எனக்குக் குறை இல்லை. தொல்லை எங்கே என்றால், டேங்க் வால்வை மூடிய பிறகும் பைப்பில் மிச்சமிருக்கும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், ஈரத்தில் சொல்யூஷன் பிடிக்காது. துணியைத் திணிப்பார்கள், பிரெட்டைக்கூடத் திணிப்பார்கள், அப்புறம் அது ஊறி ஏதோ ஒரு குழாயின் வாயில் வந்து அடைத்துக்கொள்ளும். சொல்யூஷன் காயும்வரை வீட்டில் யாரும் எந்தக் குழாயையும் திறக்கக் கூடாது, அதைச் சொல்லிப் பாருங்கள், சரியாக அப்போதுதான் ஒருவருக்குப் பாத்ரூம் வரும்.

புஷ் ஃபிட்டில் இந்தக் காத்திருப்பு இல்லை. உங்கள் வீட்டு ஆர்.ஓ. மெஷினின் பின்பக்கம் எட்டிப் பார்த்தால், வெள்ளை, நீல டியூப்கள் வந்து சொருகியிருக்கும் அந்தச் சின்ன வெள்ளை எல்போக்கள், அதாவது முழங்கை மாதிரி வளைந்த இணைப்புகள், புஷ் ஃபிட்தான். பைப்பை உள்ளே தள்ளினால் ஒரு பல் வளையம் அதைக் கவ்விக்கொள்ளும், அதற்கும் உள்ளே இருக்கும் ரப்பர் ஓ ரிங் பைப்பைச் சுற்றி இறுகித் தண்ணீரை நிறுத்தும். வெளியே இழுத்தால் பல் இன்னும் ஆழமாகக் கடிக்கும், அதனால் வராது. கழற்ற வேண்டுமென்றால் வாயில் இருக்கும் வளையத்தை உள்பக்கமாக அழுத்தினால் பல் விரியும், பைப்பை உருவிவிடலாம். இதே சங்கதி பெரிய அளவில், பித்தளையில், அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் பைப்புக்கும் கிடைக்கிறது. ஆர்.ஓ. எல்போ ஒரு டீ, வடை காசுதான், பியூரிஃபையர் ஸ்பேர் விற்கும் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். பித்தளைச் சமாசாரம் விலை கூடுதல், நான் கேட்ட ஹார்ட்வேர் கடைகளில் அப்படி ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியவில்லை, ஆன்லைனில்தான் வாங்கினேன்.

வாங்குவதற்கு முன்னால் பைப்பை அளங்கள். இந்த இடத்தில்தான் நான் சூடுபட்டேன். அம்மா வீடு திருப்பாதிரிப்புலியூரில், கொல்லைப்பக்க பாத்ரூமுக்குப் போகும் வெள்ளை யு.பி.வி.சி. பைப்பில் கீறல். அரை இஞ்ச் பைப்தான், ஆனால் என் கையில் இருந்த முக்கால் இஞ்ச் பித்தளை கப்ளிங்குக்குள் அது சுலபமாகப் போனது, பல்லும் கவ்வியது மாதிரி இருந்தது. இவ்வளவு எளிதா என்று பெருமையாக வால்வைத் திறந்துவிட்டுச் சாப்பிட்டுப் படுத்தேன். காலையில் கொல்லையில் துளசி மாடம் வரைக்கும் தண்ணீர், டேங்க் காலி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். நம் வீடுகளில் வெந்நீருக்கும் போடுகிற சந்தன நிற சி.பி.வி.சி. பைப்பும், தண்ணீருக்குப் போடுகிற வெள்ளை யு.பி.வி.சி. பைப்பும் பெயரளவில் ஒரே இஞ்ச், வெளி விட்டமோ வேறு. சி.பி.வி.சி. அரை இஞ்ச் என்றால் வெளி விட்டம் 15.9 மி.மீ., முக்கால் இஞ்ச் 22.2, ஒரு இஞ்ச் 28.6. வெள்ளை யு.பி.வி.சி.யிலும் பழைய ஜி.ஐ. இரும்பு பைப்பிலும் அரை இஞ்ச் என்றாலே 21.3 மி.மீ. வந்துவிடும். முக்கால் இஞ்ச் சி.பி.வி.சி.க்கான 22.2 ஓட்டையில் 21.3 பைப்பைத் தள்ளினால் போகத்தான் செய்யும், ஆனால் ஓ ரிங் இறுக வேண்டிய அளவுக்கு இறுகாது, கிட்டத்தட்ட 1 மி.மீ. இடைவெளி போதும் டேங்க் காலியாக. ஆன்லைனில் கிடைக்கும் பித்தளை புஷ் ஃபிட்கள் பெரும்பாலும் சி.பி.வி.சி.யின் இந்த 15.9, 22.2 அளவுக்கு வருபவை, அதனால் சந்தன நிற பைப் வீட்டுக்காரர்களுக்குத்தான் இது வசதி. வெள்ளை பைப்பென்றால் பேசாமல் சொல்யூஷனே போடுங்கள்.

விட்டம் அளக்கும் வெர்னியர் கருவி இல்லையா, தையல் டேப் போதும். பைப்பைச் சுற்றிப் பிடியுங்கள். 5 செ.மீ. வந்தால் அரை இஞ்ச் சி.பி.வி.சி., 7 செ.மீ. வந்தால் முக்கால், 9 வந்தால் ஒரு இஞ்ச். 6.7 செ.மீ. வந்தால் நான் மாட்டிக்கொண்ட அந்த அரை இஞ்ச் வெள்ளை பைப். பைப்பின் மேல் எஸ்.டி.ஆர். 11 என்றோ 13.5 என்றோ அச்சிட்டிருப்பார்கள், அது சுவர்த் தடிமன் கணக்கு, வெளி விட்டம் மாறாது, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். டேங்க்கிலிருந்து வரும் வால்வை மூடி, அந்த லைனிலேயே கீழே இருக்கும் குழாயைத் திறந்து வடியவிடுங்கள். முழுதாகக் காயவேண்டிய அவசியமில்லை, சொட்டினால் சொட்டட்டும், அதுதானே இந்த முறையின் லாபமே. பைப்பைச் சுவரோடு பிடித்திருக்கும் கிளாம்ப்களில் கசிவுக்கு இரண்டு பக்கமும் ஒன்றிரண்டைக் கழற்றிவிடுங்கள். ஏனென்றால் பைப்பை வெட்டிய பிறகு நடுவில் கப்ளிங்கை நுழைக்க, இரண்டு முனையையும் ஓர் இஞ்ச்சுக்கு மேல் விலக்கியாக வேண்டும். விலக்கவே முடியாத இடம் என்றால் ஸ்லிப் கப்ளிங் என்று தனியாக ஒன்று உண்டு, நீளமாக இருக்கும், ஒரு பக்கம் முழுதாக ஏற்றிவிட்டு மறுபக்கத்துக்கு இழுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது வெட்டு, வேலையில் பாதி இதுதான், பொறுமையாகச் செய்யுங்கள். பைப் கட்டர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஹேக்ஸா பிளேடு போதும், ஆனால் கண் அளவில் அறுத்தால் கோணலாகத்தான் வரும். ஒரு காகிதத்தை இரண்டு விரல் அகலத்துக்கு நேராகக் கிழித்து, பைப்பைச் சுற்றி விளிம்பும் விளிம்பும் ஒன்றாகப் படியும்படி வையுங்கள், அந்த விளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டு, கோட்டின் மேல் பைப்பைச் சுற்றிச் சுற்றித் திருப்பி அறுங்கள். அறுத்ததும் விளிம்பில் நகத்தை வைத்துப் பாருங்கள், பிசிறு தட்டும். அந்தப் பிசிறுதான் ஓ ரிங்கின் எமன். பைப் உள்ளே போகும்போது ரப்பரில் ஒரு மயிரிழைக் கீறல் போடும், அப்போதைக்கு ஒன்றும் தெரியாது, ராத்திரி பக்கத்து வீட்டு மோட்டார் சத்தமும் அடங்கிய பிறகு டப் டப் என்று கேட்கும். பழைய பிளேடால் உள்விளிம்பு, வெளிவிளிம்பு இரண்டையும் சுரண்டி, உப்புத்தாளால் விளிம்பை லேசாக மட்டும் மழுக்குங்கள். உள்ளே போகப்போகும் பகுதியில் உப்புத்தாளை ஓட்டாதீர்கள், நீளவாக்கில் கோடு விழுந்தால் அதன் வழியே தண்ணீர் வரும்.

பைப் முனையில் பெயின்ட் இருந்தால் துணியில் துடைத்துப் போகாது, பெயின்ட் இல்லாத இடம் வரை தள்ளி வெட்டுங்கள். பழைய சொல்யூஷன் வழிந்து உறைந்திருந்தாலும் அப்படியே. நம் பக்கம், குறிப்பாகக் கடலை ஒட்டிய தெருக்களில், போர் தண்ணீர் உப்பு, ரொம்ப நாள் கசிந்த இடத்தில் பைப்மேல் வெள்ளையாக உப்பு பூத்துக் கல்லாக நிற்கும். அதைச் சுரண்டி வழவழப்பாக்கிவிடலாம் என்று முயன்றிருக்கிறேன், வராது. இரண்டு இஞ்ச் தள்ளி வெட்டி, புதுத் துண்டு ஒன்றை நடுவில் வைத்து இரண்டு கப்ளிங் போடுங்கள், காசு கூடினாலும் நிம்மதி.

பிறகு ஆழக் குறி. கனெக்டரின் வாயில் ஓர் ஐஸ் குச்சியை மெதுவாக விட்டால் ஓரிடத்தில் முட்டி நிற்கும், அந்த நீளத்தைப் பைப்பில் பென்சிலால் குறியுங்கள். அரை இஞ்ச்சுக்கு ஏறக்குறைய ஓர் இஞ்ச் வரும், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையில் இருப்பதை அளப்பதே சரி. பைப் முனையைத் தண்ணீரில் நனைத்து, நேராகப் பிடித்து, லேசாகத் திருகிக்கொண்டே தள்ளுங்கள். முதலில் ஒரு தடை வரும், அது பல். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் அழுத்தினால் கெட்டியாக இன்னொரு தடை வரும், அது ஓ ரிங். அதையும் தாண்டி முட்டும்வரை போக வேண்டும், குறி கனெக்டரின் வாயைத் தொட வேண்டும். தொடவில்லையென்றால் வேலை முடியவில்லை.

உள்ளே போக மறுத்தால் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். வாஸ்லினும் கிரீஸும் கூடாது. இந்த ஓ ரிங் ரப்பர் எண்ணெய் பட்டால் உப்பும், சி.பி.வி.சி. பைப்பும் எண்ணெய்க்கு ஒத்துவராது, நாள்பட வெடிப்பு விடும். தண்ணீர் மட்டும் போதும்.

மாட்டியதும் பலமாக இழுத்துப் பாருங்கள், ஒரு மில்லிமீட்டர் அசைந்து நின்றால் சரி, பல் கவ்விவிட்டது என்று அர்த்தம். கனெக்டர் பைப்பின் மேல் சுழலும், பலர் அதைப் பார்த்துப் பயந்து டெஃப்லான் டேப் சுற்றுவார்கள், வேண்டாம், அது சுழலும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் அதனாலேயே குழாயை நேரடியாகப் புஷ் ஃபிட் முனையில் தொங்கவிடக் கூடாது, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மொத்தமும் சுற்றும். கழற்றிய கிளாம்ப்களை மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

வால்வைக் கால்வாசி திறந்து, காற்று வெளியேறியதும் முழுதாகத் திறங்கள். கீழே ஒரு காய்ந்த தினத்தாளை விரித்துவிட்டுப் போய் உங்கள் வேலையைப் பாருங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் தாளில் வட்டமாகத் தெரியும், கையால் தடவிப் பார்ப்பதைவிட இது நம்பகமானது. ஒரு ராத்திரி முழுக்கத் தாள் காய்ந்திருந்தால்தான் நான் வாளியை எடுப்பேன்.

எங்கே போடக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். மாடி டேங்க்கிலிருந்து வரும் தண்ணீருக்கு அழுத்தம் குறைவு, 10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார் வரும், ஒரு மாடி வீட்டில் அதில் பாதி இருந்தாலே பெரிசு, அதனால் வீட்டுக்குள் இது தாராளமாகத் தாங்கும். போர் மோட்டாரிலிருந்து டேங்க்குக்கு ஏறும் லைனில் போடாதீர்கள், மோட்டார் ஓடத் தொடங்கும்போது பைப் உதறும் உதறலை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆர்.ஓ. வகைப் பிளாஸ்டிக் கனெக்டரை கீசர் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். பித்தளையைச் சுவருக்குள் வைத்துப் பூசலாம் என்று சிலர் சொல்கிறார்கள், நான் செய்ய மாட்டேன், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். மொட்டைமாடியில் பிளாஸ்டிக் கனெக்டர் போட்டால் வெயில் படாமல் ஏதாவது சுற்றிவையுங்கள்.

ஆர்.ஓ. டியூப் கசிந்தால் இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையில்லை. மெஷின் சுவிட்சை அணைத்து, தண்ணீர் வரும் வால்வை மூடி, நீலக் கிளிப் இருந்தால் எடுத்துவிட்டு, வளையத்தை இரண்டு நகத்தால் சமமாக அழுத்திக்கொண்டு டியூபை உருவுங்கள். ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் வராது, அப்புறம் பல்லால் இழுக்கத் தோன்றும். உருவிய முனையில் பல் பதிந்த தடம் இருக்கும், அதுதான் பெரும்பாலும் கசிவுக்குக் காரணம். பிளேடால் ஒரு செ.மீ. நேராக வெட்டி எறிந்துவிட்டு, புது முனையைத் திரும்பச் சொருகினால் பத்தில் எட்டுக்கு எல்போவே மாற்ற வேண்டியிருக்காது.

பித்தளை கனெக்டரைக் கழற்ற விரல் போதாது, குதிரை லாடம் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கிளிப் வேண்டும், கனெக்டர் வாங்கும்போதே சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையதை ஒரு கயிற்றில் கோர்த்து மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன், இரண்டு முறை தொலைத்த பிறகு.