கிராண்ட் கேன்யனில் இடம் இல்லையா? பக்கத்துக் காட்டைப் பாருங்கள்

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவில், தெற்கு விளிம்பில் கூடாரம் அடிக்க முன்பதிவு கிடைக்காவிட்டால், பூங்கா எல்லையை ஒட்டிய கைபாப் தேசியக் காட்டில் இலவசமாகத் தங்கலாம். அங்கே பெரும்பாலான பகுதிகளுக்கு முன்பதிவே தேவையில்லை. பொதுவாக 14 நாள் வரை தங்க விடுவார்கள். காரணம், பூங்கா ஒரு துறையிடம், காடு வேறொரு துறையிடம், விதிகளும் வேறு.

ஆனால் கிளம்புமுன் வனத்துறையின் வாகனப் பாதை வரைபடத்தைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். அதுவும் இலவசம்தான். எந்த மண்சாலையில் வண்டி போகலாம் என்பதை அதுதான் சொல்லும். காட்டுக்குள் போன் சிக்னல் போய்விடும், ஆனால் ஜிபிஎஸ்ஸுக்கு அது வேண்டாம். அவென்சா என்ற வரைபடச் செயலியில் அதைத் திறந்தால் நீங்கள் நிற்கும் இடம் புள்ளியாகத் தெரியும்.

கழிப்பறை, குடிநீர், குப்பைத்தொட்டி எதுவும் கிடையாது. அதனால் கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு இது சரிவராது. மழை பெய்தால் மண்சாலை சேறாகிவிடும், சாதாரண காரில் போகாதீர்கள். கோடையில் தீத்தடை இருந்தால் விறகு மூட்டவே கூடாது. சில நேரம் காட்டையே மூடிவிடுவார்கள். முந்தின நாள் வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.