பின்னக் கணக்கா? முதலில் ‘எதில்?’ என்று கேளுங்கள்

ஒரு கணக்கு. 25 கிலோ அரிசி மூட்டை வாங்கினார்கள். அதில் ஐந்தில் இரண்டு பங்கு முதல் மாதமே தீர்ந்துவிட்டது. மீதியில் மூன்றில் ஒரு பங்கை அக்கா வீட்டுக்குக் கொடுத்தார்கள். இப்போது வீட்டில் எவ்வளவு அரிசி இருக்கிறது?

படி 1: கணக்கில் வரும் ஒவ்வொரு பின்னத்தையும் பார்த்து ‘எதில்?’ என்று கேளுங்கள். 2/5 எதில்? முழு மூட்டையில். 1/3 எதில்? மீதியில். பலர் இதைக் கவனிக்காமல் இரண்டையும் கூட்டி 11/15 தீர்ந்தது என்று எழுதி, கடைசியில் 6 கிலோ சொச்சத்தில் போய் நிற்பார்கள். ‘மீதியில்’ என்ற சொல் வந்தால் உடனே அடிக்கோடு போடுங்கள். பரீட்சைக் கணக்குகளில் பொறி வைப்பதே பெரும்பாலும் அங்கேதான்.

படி 2: கீழே உள்ள எண்ணால் வகுத்து, மேலே உள்ள எண்ணால் பெருக்குங்கள். 25-ஐ 5 பங்காக்கினால் ஒரு பங்கு 5 கிலோ. இரண்டு பங்கு 10 கிலோ. மீதி 15. அதை 3 பங்காக்கினால் ஒரு பங்கு 5 கிலோ, அது அக்காவுக்கு. வீட்டில் இருப்பது 10 கிலோ. சரிபார்க்க: 10 + 5 + 10 = 25.

படி 3: கூட்ட வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒரே அளவுத் துண்டுகளாக மாற்றுங்கள். ஒன்றேகால் கிலோ கத்திரிக்காய், முக்கால் கிலோ வெங்காயம், அரை கிலோ தக்காளி. பை எத்தனை கிலோ கனக்கும்? எல்லாமே கால் கிலோக்கள்தான்: 5 + 3 + 2 = 10 கால், அதாவது இரண்டரை கிலோ. மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடிப்பதும் இந்த வேலைக்குத்தான். 1/3-உம் 1/4-உம் வந்தால் பன்னிரண்டில் ஒன்றுகளாக மாற்றுங்கள்: 4/12 + 3/12 = 7/12.

படி 4: ‘எத்தனை தேறும்?’ என்று கேட்டால் வகுத்தல். ஒன்றரை லிட்டர் நல்லெண்ணெயைக் கால் லிட்டர் பாட்டில்களில் ஊற்றினால் 6 பாட்டில். வகுத்தால் விடை சிறியதாகத்தானே வர வேண்டும் என்று மிரள வேண்டாம். ஒன்றைவிடச் சிறிய எண்ணால் வகுத்தால் விடை பெருகும்.

படி 5: தலைகீழ்க் கணக்கு. தொட்டியில் முக்கால் பங்கு தண்ணீர் இருக்கிறது, அது 750 லிட்டர். தொட்டி நிறைய எவ்வளவு பிடிக்கும்? 750-ஐ 3/4-ஆல் பெருக்கிவிடாதீர்கள். முக்கால் எதில்? தொட்டியில். ஆக 750 என்பது மூன்று கால் பங்கு. ஒரு கால் பங்கு 250. நான்கும் சேர்ந்தால் 1,000 லிட்டர்.

இனி நீங்களே ஒன்று போட்டுப் பாருங்கள். ஒருவரின் சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போகிறது. (பாதியா என்று கேட்காதீர்கள், சென்னையில் வீடு தேடியவர்களுக்குத் தெரியும்.) மீதியில் பாதி மளிகைக்கு. அப்புறம் கையில் நிற்பது 6,000 ரூபாய். சம்பளம் எவ்வளவு?

கடைசியிலிருந்து வாருங்கள். 6,000 என்பது மீதியில் பாதி, ஆக மீதி 12,000. அது சம்பளத்தில் பாதி, ஆக சம்பளம் 24,000 ரூபாய்.