மொட்டை மாடியில் 18 அடி ஒட்டகச்சிவிங்கி

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகளை ஒட்டகச்சிவிங்கி வரையச் சொன்னால், எல்லோரும் கழுத்தில்தான் ஆரம்பிப்பார்கள். தாளில் இடம் தீர்ந்ததும் கால்கள் ஆட்டுக்கால் போலக் குட்டையாகிவிடும். உண்மையில் அதன் கழுத்தும் காலும் ஏறக்குறைய ஒரே நீளம், 6 அடி. நிஜ அளவில் ஒருமுறை வரைந்தால் பிறகு மறக்காது.

வேண்டியவை: இஞ்ச் டேப், சாக்பீஸ், கோலமாவு, காவி, ஒரு வாளித் தண்ணீர்.

படி 1: வெயில் தாழ்ந்ததும் மாடியைப் பெருக்கி, சாக்பீஸால் 18 அடிக்கு ஒரு கோடு போடுங்கள். வளர்ந்த ஆண் அவ்வளவு உயரம் இருக்கும். பெண் 14 அடி. கீழிருந்து காலுக்கு 6 அடி, மார்புக்கும் தோளுக்கும் 4, கழுத்துக்கு 6, தலைக்கு 2 என்று குறியுங்கள். முதுகு தோளிலிருந்து வால்பக்கம் சரிய வேண்டும்.

படி 2: கழுத்தை ஏழாகப் பிரியுங்கள். நமக்கு இருப்பதுபோலவே அதற்கும் கழுத்தில் 7 எலும்புகள்தான், ஒவ்வொன்றும் சுமார் 10 அங்குலம். பிள்ளைகள் தங்கள் பிடரியைத் தடவிப் பார்க்கட்டும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். இவ்வளவு நீளக் கழுத்தும் நிமிர்ந்து நின்றால் தரைக்கு எட்டாது. தண்ணீர் குடிக்க முன்கால்களை அகட்டி வைத்தாக வேண்டும்.

படி 3: தலையில் தோல் மூடிய இரண்டு கொம்புகள். பெண்ணுக்கு நுனியில் மயிர்க்குஞ்சம் இருக்கும்; ஆணுக்குச் சண்டை போட்டுப் போட்டு வழுக்கையாகியிருக்கும். கருநீல நாக்கு ஒன்றரை அடி நீளம்.

படி 4: கடற்காற்றில் மாவு பறக்காமலிருக்கத் தண்ணீர் தெளித்து, கோடுகளின்மேல் கோலம் இழுங்கள். திட்டுகளுக்குக் காவி, நடுவில் வெள்ளைக் கோடு விடுங்கள். ஒன்றின் திட்டு இன்னொன்றுக்கு வராது, நம் கைரேகை மாதிரி. திட்டுகளின் அடியில் ஓடும் ரத்தக் குழாய்கள் உடல் சூட்டை வெளியேற்ற உதவுகின்றன.

படி 5: பின்னணியில் அடர்ந்த காடு வேண்டாம், தென்னையும் வேண்டாம். சஹாராவுக்குத் தெற்கே, கென்யா, தான்சானியா, நமீபியா போன்ற நாடுகளின் புல்வெளிகளில் அங்கங்கே வேல மரம் நிற்கும். அதுதான் அதன் இடம். கொருக்குப்பேட்டைத் தண்டவாள ஓரத்து முள்ளைப் பார்த்திருப்பீர்களே, அப்படிப்பட்ட முள்ளுக்கு நடுவே நாக்கை விட்டு இலையை உருவும். இலையிலேயே ஈரம் கிடைப்பதால் சில நாள் தண்ணீர் குடிக்காமலும் இருக்கும்.

மாவு மிச்சமிருந்தால் பக்கத்தில் குட்டியையும் போடுங்கள். பிறந்த அன்றே அது 6 அடி. வீட்டில் உயரமானவர் யாரோ, அவரைப் பக்கத்தில் படுக்கவைத்து அளந்து பாருங்கள்.