தென்னையில் எந்த வெள்ளை ஈயின் கை ஓங்கியிருக்கிறது என்று கண்டறிவது எப்படி?

பொள்ளாச்சிப் பகுதித் தென்னந்தோப்புகளில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ 2016இல் கண்டறியப்பட்டது. 2018இல் போண்டார் கூடுகட்டும் வெள்ளை ஈ கேரளத்தில் தென்பட்டது. அயல்நாட்டிலிருந்து வந்த இவ்விரண்டும் இன்று பல தோப்புகளில் ஒரே கீற்றின் அடிப்புறத்தில் இடத்துக்குப் போட்டியிடுகின்றன. அப்போட்டியில் எது முந்துகிறது என்பதை மழையும் வெப்பமும் இந்த ஈக்களைத் தாக்கிக் கொல்லும் ஒட்டுண்ணிகளும் சேர்ந்தே முடிவு செய்வதால், பூச்சியை மட்டும் எண்ணிப் பயனில்லை. பருவநிலையையும் உடன் குறித்துவர வேண்டும்.

தோப்பின் ஓரத்திலும் நடுவிலுமாகப் பத்து மரங்களுக்கு அடையாளமிட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலும் கீழ் மட்டையிலிருந்து ஐந்து கீற்றுகளைத் திருப்பி, கை லென்ஸால் பாருங்கள். கோலமாவைச் சுழித்துச் சிந்தியதுபோல் முட்டை வரிசை இருந்தால் அது சுருள் வெள்ளை ஈ; அதன் தாய்ப்பூச்சி சுமார் 2.5 மி.மீ. நீளமுடையது, தொட்டாலும் சோம்பலாகவே நகரும். பஞ்சைப் பிய்த்து வட்டமாக வைத்தாற்போன்ற மெழுகுக் கூட்டுக்குள், இறக்கையில் பெருக்கல் குறி போன்ற சாம்பல் பட்டையுடன் 1 மி.மீ. அளவுப் பூச்சி அமர்ந்திருந்தால் அது போண்டார் ஈ. இலை கறுத்திருப்பதை வைத்துத் தாக்குதலை அளப்பவர்கள் பலர். ஆனால் பூச்சி குறைந்த பின்னும், அது கழித்த இனிப்புத் திரவத்தில் வளர்ந்த கரும்பூசணம் நெடுநாள் படிந்தே கிடக்கும் என்பதால் அந்த அளவுகோலை நான் நம்புவதில்லை.

எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே அந்தப் பதினைந்து நாளின் மழையளவையும் உச்ச வெப்பநிலையையும் எழுதுங்கள். வறண்ட, வெப்பமான மாதங்களில் சுருள் ஈ பெருகும். கனமழை பூச்சிகளைக் கழுவிச் செல்வதோடு, அதைத் தொடரும் ஈரப்பதம் அவற்றைக் கொல்லும் பூஞ்சைகளுக்கும் ஏற்றது. ஆகவே மழைக்குப் பின் இரண்டும் ஒருசேரக் குறைந்தால் அதைப் போட்டியின் விளைவென்று கொள்ளலாகாது. மழையில்லாத நாட்களில் சுருள் ஈ மட்டும் சரிந்தால், அதன் இளம்பருவப் பூச்சிகள் கறுத்திருக்கின்றனவா, வட்டத் துளையுடன் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது என்கார்சியா என்னும் நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவியின் வேலை. இந்த ஒட்டுண்ணி கூடுகட்டும் ஈயை அந்த அளவுக்குத் தாக்குவதில்லையாதலால், காலியாகும் கீற்று அந்த ஈயின் வசமாக வாய்ப்புண்டு. கறுத்த பூச்சிகள் அரிதாகவும் பஞ்சுக் கூடுகள் அடர்ந்தும் இருந்தால் மட்டுமே, நேரடிப் போட்டி நடந்திருக்கலாம் என்று சந்தேகிக்க இடமுண்டு.

ரசாயனப் பூச்சிக்கொல்லி தெளித்தால் முதலில் மடிவது பெரும்பாலும் ஒட்டுண்ணிதான். அதன்பின் குறிப்பேட்டில் எழுதுவதற்கும் பொருளிராது. விளக்கெண்ணெய் பூசிய மஞ்சள் ஒட்டுப்பொறிகளும், கீற்றின் அடிப்புறத்தில் விசையுடன் நீர் பீய்ச்சுவதும் இரு ஈக்களையும் குறைக்கும். நீர் பீய்ச்சுவதற்கு முன், கறுத்த இளம்பூச்சிகள் நிறைந்த கீற்றுகளைத் துண்டுகளாக வெட்டியெடுத்து, ஒட்டுண்ணி காணப்படாத மரங்களின் மட்டைகளில் கட்டிவிடுங்கள்.